இரண்டாம் முறை போகாதவர்

என் அக்கா நெரேய்தாவின் கணவர் நசாரியோ, ஒரு ஆட்டக்காரனை அவனுடைய கல்யாணத்தன்றே அணியிலிருந்து நீக்கியவர். விருந்துக்குப் போய், மணமகள் கையால் கேக் வாங்கித் தின்றுவிட்டு, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "கேக் பிரமாதம்டா. நாளைக்கு மைதானத்துப் பக்கம் வராத." எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று மாப்பிள்ளையும் சிரித்தான்.

கரும்பு வெட்டுகிறவர்களின் குடியிருப்பில் பிறந்தவர். பதினேழு வயதில் ஓர் அமெரிக்க பேஸ்பால் அணி அவரை, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக எடுத்துக்கொண்டு போனது. அங்கே கடையில் கேட்டு வாங்கத் தெரிந்த ஒரே சொல் கோழி என்பதால் மூன்று வருடம் கோழியே தின்றாராம். பிறகு ஓடி வந்த ஒருவன் மோதி முழங்கால் போனது. விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நொண்டிக்கு இனி என்ன வேலை என்று எங்கள் ஊர் சான் பெத்ரோவே சிரித்தது. அவர் பயிற்சியாளர் ஆனார். முதலில் கோட்டோரம் நின்று கை தட்டுகிற வேலை. பல வருடம் கழித்துத்தான் அணியையே நடத்தும் மேனேஜர்.

எங்கள் குளிர்கால லீகில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றால் மேனேஜரை அனுப்பிவிடுவார்கள். அவருக்குத் தெரிவதற்கு முன்பே ரேடியோ சொல்லிவிடும். முதல் முறை சலூனில் பாதி முகம் மழித்திருந்தபோதுதான் நசாரியோ அதைக் கேட்டார். "மீதிப் பாதிய வீட்டுல போய் மழிச்சுக்கிறியா?" என்றான் சலூன்காரன். இப்படி நான்கு கிளப்புகள்.

ஐந்தாவதாக எங்கள் ஊர் கிளப்பே கூப்பிட்டது. என் தம்பி வாஸ்கர் அங்கே பந்து வீச்சாளன். இந்த வேலையும் போனால் அப்புறம் ஒரு நாய்கூடக் கூப்பிடாது என்று நசாரியோ அக்காவிடம் சொல்லியிருந்தார்.

டிசம்பரில் தொடர்ந்து நாலு தோல்வி. சனிக்கிழமை காலை கிளப் முதலாளி தோன் ரோசென்தோ வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே காப்பி குடித்தார்.

"நாளைக்கு ஜெயிச்சா பேசலாம் நசாரியோ. தோத்தா பேச ஒண்ணுமில்ல."

வாஸ்கர் வியாழக்கிழமைதான் முழு ஆட்டமும் வீசியிருந்தான். அந்தக் கைக்கு இன்னும் சில நாள் ஓய்வு வேண்டும். சாப்பாட்டில் மசித்த வாழைக்காயை அவன் இடது கையால்தான் அள்ளினான்.

"நாளைக்கு நீதான் வீசுற" என்றார் நசாரியோ.

"மாமா, முழங்கை வீங்கியிருக்கு."

"வீங்கினா கனம் கூடும். கனம் கூடினா வேகமும் கூடும்."

"அவன் என் தம்பி" என்றாள் அக்கா.

"அதனாலதான் கேட்டுட்டு இருக்கேன். ஊரான் புள்ளன்னா கேக்காமலே இறக்கியிருப்பேன்."

ஞாயிறு மதியம் மைதானம் நிரம்பியிருந்தது. நானும் அக்காவும் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். "நசாரியோ, பொட்டியக் கட்டு! நாங்க வேணா தூக்கிட்டு வர்றோம்!" என்று ரம் குடித்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது எங்களுக்கு ஒரு ரன் முன்னிலை. கடைசியான ஒன்பதாவதில் வாஸ்கரின் பந்துகள் தாறுமாறாகப் போயின. நசாரியோ நொண்டியபடி வீச்சாளனின் மண்மேட்டுக்குப் போனார். அங்கே பேசியதைப் பின்னால் வாஸ்கர்தான் சொன்னான்.

"வலிக்குதா?"

"தீயா எரியுது மாமா."

"என் முழங்கால் முப்பது வருஷமா எரியுது. வீசு."

ஒரே இன்னிங்ஸில் மேனேஜர் இரண்டாம் முறை அந்த மேட்டுக்குப் போனால் வீச்சாளனை வெளியே எடுத்தே ஆக வேண்டும். அதுதான் விதி. அடுத்தவன் ஆட்டமிழந்தான். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் எங்களுக்கு. அதற்கடுத்த பந்தில் வாஸ்கர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். நிமிர்ந்து நசாரியோவைப் பார்த்தான். மைதானமே அவரைப் பார்த்தது. பொட்டியைக் கட்டச் சொன்னவர்களே, "எடுத்துருடா பாவி!" என்று கத்தினார்கள். அக்கா கம்பிவலையைப் பிடித்து உலுக்கினாள். அவர் ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளத்திலிருந்து மேலேற ஒரு காலைப் படியில் வைத்தார். வைத்த காலை எடுக்கவில்லை. சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாஸ்கர் வீசினான். அடித்த பந்து உயரப் போய் எங்கள் ஆள் ஒருவன் கையில் விழுந்தது. ஜெயித்துவிட்டோம். மேட்டில் உட்கார்ந்துவிட்ட வாஸ்கரைத் தாண்டிக் குதித்து மற்றவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள்.

மறுநாள் காலை ரேடியோ புதிய மேனேஜரின் பெயரைச் சொன்னது. அமெரிக்கர். வெள்ளிக்கிழமையே வந்து ஓட்டலில் தங்கியிருந்தாராம். அப்படியானால் ரோசென்தோ எங்கள் வீட்டில் காப்பி குடித்தபோதே எல்லாம் முடிந்துபோயிருந்தது. நசாரியோ ரேடியோவை நிறுத்தாமல் விளையாட்டுச் செய்தி முழுவதையும் கேட்டார். அந்த முழங்கை இனி வீசாது என்று அதே வாரம் மருத்துவர் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முன் வடக்கே ஒரு கிளப்பிலிருந்து போன் வந்தது. "அந்த ஞாயித்துக்கிழமை ஆட்டத்தப் பாத்தோம். அப்படிக் கல்லு மாதிரி நிக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார்களாம். நசாரியோ அதை எங்களிடம் இரண்டு முறை சொன்னார். சவரம் செய்துகொண்டார். அக்கா அவருக்குச் சட்டைகூட எடுத்து வைக்கவில்லை.

வாசலில் வாஸ்கர் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அங்க பயிற்சியாளர் வேல ஏதாவது இருக்குமா?"

நசாரியோ அவனை மேலும் கீழும் பார்த்தார். "கோட்டோரம் நிக்கிறவன் ரெண்டு கையாலயும் தட்டணும்டா" என்று சிரித்துவிட்டு, வாடகை மோட்டார் சைக்கிள்காரனின் பின்னால் ஏறிக்கொண்டார்.

"விளையாட்டுக்குச் சொல்றாரு" என்றான் வாஸ்கர் எங்களிடம். "ஜனவரியில கூப்பிடுவாரு, பாரு."

ஜனவரியில் அந்த வடக்குக் கிளப் தொடர்ந்து ஜெயித்தது. ஒவ்வொரு ஆட்டத்தையும் வாஸ்கர் ரேடியோவில் கேட்டான். அவன் குளிக்கப் போகும்போது போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போவான்.