வெள்ளையம்மாவுக்கு எந்த லென்ஸ்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மஜீட்டின் ஸ்டூடியோவுக்கு வரும் பெண்களைப் படம் பிடித்தது அவர் மனைவி றலியா. ஆண் முன்னால் முகம் காட்டாத பெண்களுக்காகப் பின்னறையில் ஒரு பெரிய மரக் கமராவை வைத்து அவளைப் பழக்கியிருந்தார். ஊர் அவளைப் படக்காரர் பொஞ்சாதி என்றது. படக்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை.

இரண்டாம் உலக யுத்தகாலம். படம் பதியும் கண்ணாடி பிளேட் கிடைப்பது அரிது. கடைசி பிளேட் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தபோது புரொக்டர் வரதராசா தன்னிடம் வழக்குக்கு வந்த வெள்ளையம்மாவை அனுப்பிவைத்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வெள்ளவத்தை வீடொன்றுக்கு வேலைக்கு வந்தவள். சேலைக்கரை பொசுங்கியதற்காக வீட்டுக்காரி இஸ்திரிப் பெட்டியை அவள் கன்னத்தில் வைத்துவிட்டாள். தலைவிதி என்றார்கள் அயலவர்கள். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியை விதி பிடிப்பதில்லை. காயம் ஆறிக்கொண்டிருந்தது. முழுக்க ஆறுமுன் வழக்குக்குப் படம் வேண்டும்.

"முகத்துக்குப் போடுற லென்ஸையே போடு," என்றார் மஜீட். "வெள்ளவத்தை ஆக்களைப் பகைச்சிட்டுக் கடை நடத்த ஏலா."

றலியாவுக்கு விளங்கியது. அந்த லென்ஸ் தோலை மெழுகாக்கும்; காயம் வெறும் நிழலாகிவிடும். காணி உறுதிப் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் மற்ற லென்ஸ் மயிர்க்காலையும் விடாது. அவள் அதைத்தான் எடுத்தாள்.

"ஒரே படந்தானுங்களாம்மா?" என்றாள் வெள்ளையம்மா. "அப்ப அழகா எடுங்க. ஆத்தாவுக்கு அனுப்பணும். இந்த மூஞ்சிய அது பாக்க வேணாம்."

அவள் கேட்டதில் என்ன பிழை? பிறந்ததிலிருந்து அவளை யாரும் படம் பிடித்ததில்லை.

றலியா முக லென்ஸைப் பூட்டி, கமராவின் பின்னால் கறுப்புத் துணிக்குள் வெள்ளையம்மாவை நிறுத்திவிட்டு, தானே நாற்காலியில் உட்கார்ந்தாள். றலியாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு.

"தலகீழாத் தெரியிறீங்கம்மா. தழும்பே இல்ல. ராணி மாதிரி இருக்கீங்க."

"எங்கட மனுசனுக்குக் கேக்குற மாதிரிச் சத்தமாச் செல்லு, புள்ள."

பிறகு எழுந்து மற்ற லென்ஸைப் பூட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். வெள்ளையம்மா மீண்டும் துணிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இதுதாம்மா நீங்க." வெள்ளையம்மா வெளியே வந்தாள். "மொத வச்சதுல எடுத்தா, அந்தம்மா எனக்கு ஒண்ணுமே செய்யலேன்னு ஆயிருங்களா?"

"ஓம்."

"அப்ப இதுலயே எடுங்க." கன்னத்தை மறைத்திருந்த முந்தானையை அவளே விலக்கினாள்.

கழுவிய பிளேட்டில் இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை தெளிவாக விழுந்திருந்தது. மஜீட் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆத்தாவுக்கு என்ன அனுப்பப் போற?" என்று றலியா கேட்டாள்.

"நல்லா இருக்கேன்னு யாரையாச்சும் எழுதச் சொல்றேம்மா."