ஒவ்வொரு முறையும் கரையேறுகிறவன்

உலக யுத்தம் வந்ததும் மலாயாவில் வேலைபார்த்த அத்தானின் கடிதங்கள் நின்றுபோயின. அக்கா கொக்குவிலில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையோடு ஒரு மாயக்கதைப் புத்தகமும் கொண்டுவந்தாள். கடலரக்கன் சிறைவைத்த இளவரசன் தப்பி வீடு திரும்பும் கதை. வாசித்து முடித்த கையோடு மறுபடியும் முதற்பக்கத்தைத் திறப்பாள்.

“முடிவு தெரிஞ்ச கதையை ஏனக்கா திரும்பத் திரும்ப வாசிக்கிறாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தெரிஞ்சபடியாத்தான். இதிலை அவன் ஒவ்வொருமுறையும் வந்து சேருறான்” என்றாள்.

அதன்பிறகு நானும் பக்கத்தில் இருந்து அவள் வாசிப்பதைக் கேட்கத் தொடங்கினேன்.

யுத்தம் முடிந்த மறுவருடம் அத்தான் எலும்பும் தோலுமாய் வந்திறங்கினார். அங்கே பட்டதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பின்னேரங்களில் அந்தப் புத்தகத்தை அவருக்கு வாசித்தாள். சிறைக்கூடம் வரும் இடத்தில் மட்டும், “அதை விடும்” என்பார். அவள் பக்கங்களைப் புரட்டி, இளவரசன் கரையேறும் இடத்திலிருந்து தொடருவாள்.