கனகக்குன்னில் முந்தக் கூடாது

சனிக்கிழமை மத்தியானம் திருநெல்வேலி ரயில் நிலையத்தில் புது ஷூ போட்டுக்கொண்டு நின்றேன். அறுபத்தொரு வயதில் முதல் ஷூ. மலையேறுகிறவர்கள் போடுகிற ரகமாம், மகன் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பியிருந்தான். நான் ஏறப்போவது திருவனந்தபுரத்து மியூசியம் தோட்டமும் அதை ஒட்டிய கனகக்குன்னு என்கிற சின்னக் குன்றும்தான் என்று எத்தனை சொல்லியும் அவன் கேட்கவில்லை. ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் ஐயப்ப பக்தர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த மலைக்கும்மா போறீங்க?" என்றார். மியூசியத்துக்கு என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வழியாக திருவனந்தபுரம் ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். நாகர்கோவில் தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறிவிடும். குழித்துறை வந்தால் ரப்பர் மரங்கள், பாறசாலை வந்தால் பெயர்ப்பலகையில் எழுத்து மலையாளமாகி வட்டமாகிவிடும். இந்த வழி எனக்குப் புதிதல்ல. நான் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில். கல்யாணமாகித்தான் திருநெல்வேலிக்கு வந்தேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பாறசாலையில் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவேன். ஊர் வருகிறது என்று மனசு துள்ளும், வெட்கமாகக்கூட இருக்கும்.

இந்த முறை துள்ளலோடு கவலையும் இருந்தது. என் அண்ணா ராஜாமணிக்கு அறுபத்தைந்து வயது. ஆடி மழையில் அந்த ஊரின் சாலை என்கிற கடைத்தெருவின் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, தீபாவளிக்குள் எலும்பு கூடிவிட்டது. நடங்கள், நடக்காவிட்டால் கால் விறைத்துப் படுக்கையோடு போய்விடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அண்ணா கட்டிலிலிருந்து டிவிக்கு நடப்பான், டிவியிலிருந்து கட்டிலுக்கு நடப்பான். வாசல் தாண்டமாட்டான். மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம் ஒன்று, கைத்தடியோடு தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் இன்னொன்று.

தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செல்வின் என்பவர் தனு மாதக் குளிரில், அதாவது நம் மார்கழியில், ஞாயிறுதோறும் ஒரு நடைக்குழுவை அழைத்துப் போகிறார் என்று மன்னிக்குத் தெரியவந்தது. உடனே எனக்குப் போன் செய்தாள். "நீ வந்து கூப்பிட்டா வருவார். நான் கூப்பிட்டா டிவி சத்தத்தைக் கூட்டறார்," என்றாள். அதற்காகத்தான் இந்தப் பயணம், இந்த ஷூ, எல்லாம்.

ஞாயிறு காலை இருட்டோடு எழுந்தோம். அண்ணா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. திருநெல்வேலியிலிருந்து தங்கை வந்து நிற்கும்போது எப்படிச் சொல்வான்? ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஸ்ரீவராகத்திலிருந்து மியூசியத்துக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் காதை மூடிய குல்லாயும் கழுத்தில் மப்ளருமாக, இந்த வருஷம் தணுப்பு பயங்கரம் என்று வழி முழுக்கப் புலம்பினார். போனில் பார்த்தேன், இருபத்திரண்டு டிகிரி. இந்த ஊரில் அதற்குப் பெயர் குளிர்காலம். எனக்கும் சின்ன வயதில் அது குளிராகத்தான் இருந்தது.

மியூசியம் வாசலில் இறங்கியபோது உள்ளே மிருகக்காட்சிசாலையில் சிங்கம் உறுமியது. அந்த ஒரு சத்தத்தில் நான் பத்து வயதுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கள் இருவரையும் இங்கே அனுப்புவார். கிழக்கேகோட்டை, ஸ்டாச்சு, பாளையம் என்று நடந்தேதான் வருவோம். அண்ணா முன்னால் போய்க்கொண்டே இருப்பான். அவனுக்கு நடப்பதென்றால் அப்படி ஒரு வேகம். "அண்ணா, நில்லு, அண்ணா, நில்லு" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடுவேன். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேரும்போது தோட்டத்து பேண்ட் மேடைப் படியில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, "இவ்வளவு நேரமாடி?" என்பான். எனக்கு அழுகை வரும். பெரியவனானபிறகும் அதே வேகத்தில்தான் ஸ்ரீவராகத்திலிருந்து ஆபீசுக்கு நடந்து போய்வந்தான். அந்தக் கால்கள்தான் இப்போது ஆட்டோவிலிருந்து ஒவ்வொன்றாகத் தரையைத் தொட்டுப் பார்த்து இறங்கின.

பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஐ.டி. கம்பெனிப் பெண்கள் இருவர், ஒரு வயதான தம்பதி, மற்றவர்கள் கடைக்காரர்கள். செல்வின் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார். பேச்சில் இரண்டு ஊரும் கலந்து வந்தது. குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் என்று சொன்னார். "பைய நடக்கவங்கதான் முன்னாடி. ஆரும் அவங்களை முந்தப்பிடாது. முந்துனா எல்லாருக்கும் சாயா வாங்கித் தரணும், கேட்டியளா."

அண்ணா கைத்தடியைக் காலுக்குப் பின்னால் மறைத்தான். எல்லார் கண்ணும் தன் முதுகில் இருக்க முன்னால் நடப்பதைவிட அவன் வீட்டுக்கே போய்விடுவான். நினைத்தபடியே, "நான் பெஞ்சுல உக்காந்துண்டு இருக்கேன். நீ போய்ட்டு வா," என்றான்.

அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது ஷூ. ராத்திரியே இரண்டு குதிகாலிலும் கொப்புளம் போட்டிருந்தது. அவனைச் சமாதானப்படுத்த நான் நொண்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்ததைச் செல்வின் பார்த்துவிட்டார். இந்த அம்மாதான் இன்றைக்கு முன்னால் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மலையேறும் ஷூ போட்டவள்தான் கூட்டத்திலேயே மெதுவான ஆள்! ஐ.டி. பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு ரோஷம் வந்தது, ஆனால் அண்ணா முகத்தைப் பார்த்தேன். பல மாதத்துக்குப் பிறகு அதில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. வாயை மூடிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். பேண்ட் மேடை வரைக்கும்தான் என்று சொல்லிக்கொண்டு அவனும் எனக்குப் பின்னால் வந்தான்.

பனி இறங்கிய புல், வாகை மரங்கள், மியூசியத்தின் பல வண்ணக் கூரை. மரங்கள் மட்டும் அப்படியே இருந்தன, பாதைகளை மாற்றிவிட்டிருந்தார்கள். சின்ன வயதில் ஐஸ் விற்பவர் நின்ற மூலையைத் தேடிக்கொண்டு, பழைய ஞாபகத்தில் வலது பக்கம் திரும்பினேன். சட்டப்படி கூட்டம் முழுவதும் ஒன்றும் சொல்லாமல் என் பின்னால் திரும்பியது. அண்ணாவால் மட்டும் பொறுக்க முடியவில்லை.

"இடது பக்கம்டி. அது மிருகசாலை டிக்கெட் கவுண்டருக்குப் போற வழியாச்சே!"

நான் திரும்பாமல் நடந்தேன். சத்தியமாகக் காது கேட்காதவள் மாதிரி நடந்தேன். கைத்தடி டக்டக்கென்று வேகமாக வந்தது. என்னைத் தாண்டி முன்னால் வந்து, தடியை நீட்டி வழியை மறித்தான். "சொன்னா கேக்கமாட்டியா? பத்து வயசுலயும் இப்படித்தான்," என்றான். பின்னாலிருந்து செல்வின், சார் முந்திவிட்டார், சாயா சாருடைய கணக்கு என்று குரல் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணா அசடு வழிந்தான், ஆனால் என் பின்னால் போகவில்லை. பேண்ட் மேடையைத் தாண்டினான். வாசலைத் தாண்டி, ரோடோரமாகக் கனகக்குன்னு கேட்டுக்கும் வந்துவிட்டான்.

கனகக்குன்னு பெரிய ஏற்றமில்லை. மேலே பழைய அரண்மனை, சுற்றிலும் புல்வெளி. ஏறுவதற்குள் அண்ணா இரண்டு இடத்தில் நின்றான், அவ்வளவுதான். மேலே போனதும் நகரத்து மரங்களின் மேல் பனி கலைவதைப் பார்த்துக்கொண்டு, ஒருதரம் அப்பாவும் கூட வந்து இங்கே எங்களுக்குக் கடலை வாங்கித் தந்ததைச் சொன்னான். அந்தக் கடலை எனக்கும் ஞாபகம் இருந்தது. அப்பா இருந்த நாட்களையும் எங்கள் இருவர் சண்டையையும் பேசிக்கொண்டே நின்றோம்.

இறங்கும்போதுதான் வந்தது வினை. சருகுகள் பனியில் நனைந்து சரிவில் ஒட்டிக்கிடந்தன. அண்ணா அப்படியே நின்றுவிட்டான். ஊன்றிய தடியை எடுக்கவில்லை. சாலைத் தெருவின் ஈரச் சரிவு அவன் கண்ணுக்குள் இருந்ததென்று எனக்குத் தெரிந்தது. செல்வின் உதவிக்கு வரப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அயலார் கைகொடுத்து இறக்கினால் அடுத்த ஞாயிறு அவன் கட்டிலை விட்டே இறங்கமாட்டான்.

"அண்ணா, எனக்குக் கால் எரியறது. பயமா இருக்கு. உன் சட்டையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்றேன். கால் எரிந்தது உண்மை. பயமும் உண்மைதான், என் காலைப் பற்றிய பயம் இல்லை அது.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சரிவைப் பார்த்தான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. நான் வச்ச எடத்துல காலை வை," என்றான்.

சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தடியை ஊன்றி, சருகை ஒதுக்கி, ஒவ்வொரு எட்டாக அவன் இறங்கினான். அவன் வைத்த இடத்தில் நான் வைத்தேன். எங்களுக்குப் பின்னால் அந்தக் கூட்டம் முழுவதும், ஐ.டி. பெண்கள் உட்பட, ஒருவர்கூட முந்தாமல் ஊர்ந்து வந்தது. கீழே வந்ததும் அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது என் கைக்குத் தெரிந்தது. நான் விடவில்லை. அவன்தான், "போறும், சட்டை கிழிஞ்சுடும்," என்றான்.

மியூசியத்துக்கு எதிரே தட்டுக்கடை என்கிற தெருவோர டீக்கடையில் சாயா பன்னிரண்டு ரூபாய், நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியும் அதே விலை. அண்ணா எல்லாருக்கும் இரண்டையும் வாங்கித் தந்தான். வீட்டில் காபி தவிர வேறு தொடாதவன் கண்ணாடி கிளாஸில் பால் விடாத கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்தான். அடுத்த ஞாயிறு எந்தப் பக்கம் என்று செல்வினிடம் அவனே கேட்டான். நான் பழம்பொரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலியில் ஆற்றங்கரைப் பக்கம் நானும் காலையில் நடக்கப்போவதுண்டு. அங்கே எல்லாரும் என்னை முந்திக்கொண்டு போவார்கள், நானும் முடிந்தால் யாரையாவது முந்துவேன். ஊருக்குப் போய் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் ரயில். வாசலோடு நின்றுவிடுவான் என்று பார்த்தால், அண்ணா வேட்டியை மாற்றிக்கொண்டு நிலையத்துக்கு வருவதாகச் சொன்னான். மன்னி டிவியை அணைத்தாள். தம்பானூர் நிலைய வாசலில் ஆட்டோ நின்றதும் என் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். ஷூ பைக்குள் இருந்தது, நான் மன்னியின் செருப்பில் நொண்டிக்கொண்டிருந்தேன். பிளாட்பாரம் முழுக்க ஐயப்ப பக்தர்கள். அந்தக் கறுப்பு வேட்டிகளுக்கு நடுவே கைத்தடியும் பையுமாக அவன் முன்னால் போனான். கூட்டம் மறைத்தது. தடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அண்ணா, நில்லு," என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை.

என் பெட்டி நிற்கும் இடத்துக்கு நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தான்.

"இவ்வளவு நேரமாடி?" என்றான்.

அந்த நாளில் வந்த மாதிரியே எனக்கு அழுகை வந்தது.