அளந்து ஊற்றிய தண்ணீர்

செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று எனக்கு ஒருத்தி புத்தி சொல்லுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. சொன்னவள் என் மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள் கைக்கு அடக்கமான தொட்டிகளில் நாலைந்து செடி வாங்கி வந்து, ஹாலில் ஜன்னல் திட்டின்மேல் வரிசையாக வைத்தாள். ஒரு மணி பிளான்ட், இலை நெட்டுக்குத்தலாக நிற்கிற ஒன்று, தொட்டால் இலை தடிமனாக இருக்கிற ஒன்று. மற்றவற்றின் பெயர் என் வாயில் நுழையவில்லை.

"அப்பாவுக்குப் பொழுது போவும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எம்மா, ஒன்னத்தான் சொல்லுதேன். வெரல மண்ணுக்குள்ள விட்டுப் பாரு. காஞ்சிருந்தா மட்டும் கொஞ்சமா ஊத்து. ஈரம் இருந்தா பக்கத்துலயே போவாத."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாள். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் குழாயில் வருகிற நாளில்தான் வரும். வருகிற அன்று தெருவே விழித்துக்கொள்ளும். டிரம், குடம், வாளி, அண்டா என்று வீட்டில் வாய் திறந்திருக்கும் எல்லாவற்றையும் நிரப்புவோம். புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டுமென்றால் டிரம்மில் மிஞ்சிக் கிடக்கும் பழைய தண்ணீரைக் காலி செய்தாக வேண்டும். அதைச் சாக்கடையில் கொட்ட இந்த ஊர்க்காரி எவளுக்கும் கை வராது. நான் கடலோரத் திரேஸ்புரத்தில் பிறந்து வளர்ந்தவள், நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு அலைந்திருக்கிறேன். எனவே அந்தப் பழைய தண்ணீர் எல்லாம் செடிக்குத்தான். வாசலில் முருங்கை இருந்தால் முருங்கைக்கு. மாடி வீட்டில் முருங்கைக்கு எங்கே போவது? ஜன்னல் திட்டில் இருந்த அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு ஊற்றினேன். புண்ணியம் செய்கிற நினைப்பில் ஊற்றினேன்.

மணி பிளான்ட் முதலில் மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். தடித்த இலைக்காரன் ஒரு நாள் தொட்டதும் கையோடு வந்துவிட்டான். அடித்தண்டு கொழகொழவென்று இருந்தது, மண்ணில் புளித்த வாடை. தாகத்தில் செடி சாகும் என்று தெரியும். தண்ணீர் குடித்துச் செடி சாகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் செடிமேல்தான் கோபம் வந்தது. நல்ல தண்ணீரை ஊற்றினால் செத்துப்போகிற அளவுக்கு என்ன திமிர்!

இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. அந்த வீட்டில் தண்ணீரை அளந்து கொடுக்கவேண்டிய ஜீவன் செடி மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இஞ்சின் ரூம் வேலை பார்த்தவர். அந்த வெக்கையில் பாதி வயதைக் கழித்து, ஓய்வு பெற்று வந்து உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் சில நாள் டயாலிசிஸ். டாக்டர் ஒரு பாட்டிலைக் காட்டி, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்றார். டீ, கஞ்சி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்குமேல் போனால் தண்ணீர் நுரையீரலில் நிற்கும், மூச்சுத் திணறும், ஆள் தங்காது என்று எனக்கு மட்டும் தனியாகச் சொன்னார்.

சாப்பிட்டு எழுந்தால் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற மனுஷன் அவர். இப்போது பாட்டில் மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வார். நான் போலீஸ்காரி மாதிரி பாட்டிலைக் காவல் காத்தேன். கெஞ்சினால் திட்டுவேன். திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவேன்.

மகளிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, செடிகளுக்கும் அளவு வைத்தேன். காலையில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் ஒரு கரண்டி. பழைய தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொண்டேன். மிச்சமிருந்த செடிகள் பிழைத்து ஒரு தளிர்கூட விட்டன.

பிறகு ஒரு நாள் விரலை விட்டால் மண் சொதசொதவென்று இருந்தது. நான் ஊற்றவில்லை. மறுநாளும் அப்படியே. தொட்டிக்கடியில் இருந்த தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. அதே வாரம் டயாலிசிஸில் அவரை எடை பார்த்த நர்ஸ், "என்னம்மா, இவ்வளவு ஏறிருக்கு? தண்ணி குடுத்தீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் இல்லாத நேரத்தில் அடுப்படிக் குடத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறார். செடிக்குக் கொஞ்சம், அவருக்குக் கொஞ்சம். வேறென்ன?

மறுநாள் பூசைக்குப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். மாதா மன்னிக்கட்டும். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர். வாய்க்குக் கொண்டுபோவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கொண்டுபோகவில்லை. தொட்டியில் மெல்லச் சாய்த்தார். தண்ணீர் மண்ணின்மேல் ஒரு கணம் நின்று, சின்னக் குமிழி விட்டு, உள்ளே இறங்கியது. அவர் தலையைக் குனிந்து, காதைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது முழுக்க இறங்கின பிறகு இன்னொரு வாய் ஊற்றினார்.

"ஏங்க!" என்றேன். டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்.

"ஏளா, நான் குடிக்கல. சத்தியமா ஒரு சொட்டு குடிக்கல."

"பின்ன என்ன செய்யுதிய?"

"அது குடிக்கதப் பாக்கேன்" என்றார். "உள்ள எறங்குதுலா, ஒரு சத்தம் வருது. கேக்கதுக்கு நல்லாருக்கு."

திட்டுவதற்கு நிறைய வார்த்தைகள் எடுத்து வைத்திருந்தேன். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கால் வீக்கத்துக்குக் காரணம் அன்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. பாவம், நாக்கு செத்துப் போய்விட்டது என்று முந்தின வாரம் நானே இரண்டு துண்டு கருவாடு வறுத்து வைத்திருந்தேன். உப்பு உள்ளே போய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. அவரைச் சந்தேகப்பட்டு வேவு பார்த்தேன். கொடுத்தது என் கைதான்.

இனி என்ன செய்வது? ஊற்றவிட்டால் செடி செத்துப்போகும். ஊற்றக் கூடாது என்றால் அவருக்கு இருக்கிற ஒரே தண்ணீரும் போய்விடும். மார்க்கெட்டில் கீரை விற்கிற அக்கா தாமிரபரணிப் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரி. அவளிடம் புலம்பினேன். "வல்லாரை வையுங்க. வாய்க்கா ஓரத்துல தண்ணியிலயே கெடக்கும். எம்புட்டு ஊத்துனாலும் குடிக்கும்" என்றாள். அடுத்த நாள் வேரோடு ஒரு பிடி கொண்டுவந்து தந்தாள்.

ஓட்டை இல்லாத ஒரு பிளாஸ்டிக் பேசினில் அதை நட்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது ஒங்களுக்கு. எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க. ஜன்னல் திட்டுச் செடியில கை வச்சிய, இருக்கு" என்றேன். அவர் சிரித்தார். கீரை அவருக்கு ஆகாது என்பதால் வளர்ந்ததையெல்லாம் கீழ் வீட்டில் கொடுத்தோம். காலையும் மாலையும் அவர் ஊற்றுவதும், குனிந்து கேட்பதும் எங்கள் வீட்டில் ஜெபம் மாதிரி ஆகிவிட்டது.

சித்திரை வெயிலில் ஒரு தண்ணீர் நாள். கீழிருந்து மாடிக்குக் குடம் குடமாகச் சுமந்து எனக்கு நெஞ்சு வறண்டுவிட்டது. அவருக்கு அளவு வைத்த நாளிலிருந்து அவர் கண்முன்னால் நான் தண்ணீர் குடிப்பதில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, சத்தம் கேட்காமல் டம்ளரில் வாய் வைத்துக் குடித்துக்கொள்வேன். அன்றும் அப்படித்தான் நின்றேன்.

"ஏளா, அங்கன என்ன செய்யுத?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல."

"தண்ணிதான குடிக்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? செம்புல எடுத்துட்டு இங்கன வா."

போய் நின்றேன். "குடி" என்றார். எனக்கு முடியவில்லை. எப்படிக் குடிப்பேன் என்று கேட்டேன்.

"செடி குடிக்கதையே இம்புட்டு நேரம் பாக்கேன். நீ குடிச்சு நான் பாத்து எவ்வளவு நாளாச்சு."

செம்பைத் தூக்கி அண்ணாந்தேன். தண்ணீர் தொண்டையில் மடக் மடக்கென்று இறங்கியது. கண்ணீர் காதோரமாக வழிந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தொண்டையும் என்னோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தப் போனேன்.

"மிச்சம் வைக்காத" என்றார்.