ரோஷ மருந்து

உப்பளத்தில் வேலை செய்யும் இஸ்ஹாக்கை ஊரில் எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து குடும்பத்தோடு விரட்டப்பட்டபோது அவருக்குப் பதினைந்து வயது. புத்தளத்து முகாமில் இருந்த காலத்தில், ஒரு மேட்சில் எவனோ ஒருவன், “அகதிக்கு என்னத்துக்குப் பந்து?” என்று கேட்டுவிட்டான். அழுதுகொண்டே மூன்று கோல் அடித்தார். ரோஷம் வந்தால்தான் கால் ஓடும் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது, பிறகு போகவேயில்லை.

தான் பயிற்றுவிக்கும் அணிக்கும் முப்பது வருடமாக அவர் கொடுப்பது அந்த ஒரே மருந்துதான். ஆனால் இப்போதுள்ள பொடியன்கள் புத்தளத்திலேயே பிறந்தவர்கள். அணியில் ஆடும் அவருடைய மகன் ஸப்ராஸே உள்ளூர்க்காரர்களின் ஊரான கனமூலையில் பெண் எடுத்தவன். ரோஷத்துக்கு அவர் எங்கே போவார், பாவம்!

இறுதியாட்டம் கனமூலையோடு விழுந்தது. அந்த அணியின் தலைவன் ஹுனைஸ், ஸப்ராஸின் மனைவிக்குக் கூடப்பிறந்த நானா. இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தும், அவருடைய பொடியன்கள் சிரித்துச் சிரித்துத் தோடம்பழச் சுளை தின்றார்கள். இஸ்ஹாக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகனைத் தனியே கூப்பிட்டார்.

“ஒண்ட மச்சான் என்ன சொன்னான் தெரியுமா? அகதிட மகனுக்குத் தங்கச்சியக் குடுத்தது பெரிய பிழையாம்.”

ஹுனைஸ் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை.

ஸப்ராஸ் இரண்டு கோல் அடித்தான். மூன்றாவதற்கு ஓடும்போது ஹுனைஸ் குறுக்கே வந்தான். ஸப்ராஸ் பந்தை விட்டுவிட்டு அவன் காலை உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற இஸ்ஹாக்குக்கும் கேட்டது.

மறுநாள் தகப்பனும் மகனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸப்ராஸ் கட்டிலருகே தலைகுனிந்து நின்றான். “நீங்க அப்பிடிச் சொன்ன கோவத்துலதான் மச்சான்...”

“நான் என்ன சொன்ன?” என்றான் ஹுனைஸ். “வல்லாஹி, நான் ஒண்டும் சொல்லல்ல. ஆரு ஒங்களுக்குச் சொன்ன?”

ஸப்ராஸ் திரும்பி வாப்பாவைப் பார்த்தான். இன்னொரு பொய் சொல்ல இஸ்ஹாக்குக்கு நா எழவில்லை. “வெல்லோணும் எண்டுதான் மகன்...” என்று இழுத்தார்.

வெளியே வந்த பிறகும் ஸப்ராஸ் சத்தம் போடவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“வாப்பா, அந்தக் காலத்துல ஒரு மேட்சுல ஒங்கள அகதி எண்டு சொன்னாங்க எண்டீங்களே... அந்த ஒண்டாவது மெய்யா?”

“ஓம் மகன், மெய்தான்” என்றார் இஸ்ஹாக். மகன் நம்பவில்லை.