மாத்திரை தின்ற கார் கதவு

மாமாவின் காரில் கண்ணாடியை ஏற்றக் கைப்பிடி கிடையாது. சுவிட்சை அமுக்கினால் தானாக ஏறும். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகையில் விற்ற அமெரிக்கக் கார் அது. அதைப் பார்க்கவே மாமாவின் ஊரான இலஞ்சிக்கு ஆட்கள் வருவார்கள். மாமாவும் சலிக்காமல் ஏற்றி இறக்கிக் காட்டுவார்.

மாமா என் அம்மாவின் அண்ணன். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. என் ஏழாவது வயதில் என்னை அவர்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். வாரம் ஒருநாள் மாமா அத்தையைத் தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவார், நானும் தொற்றிக்கொள்வேன். மாமா காரிலேயே இருப்பார். அத்தை மட்டும் உள்ளே போய் மாத்திரைப் பொட்டலத்தோடு வருவாள். திரும்பும் வழியில் மாமா வெற்றிலை வாங்க இறங்கியதும், கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவாள்.

"எதுக்கு அத்தை?"

"கதவுக்குப் பசிக்குதாம்ட்டி. மாமாட்ட சொல்லிராத."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, தானாக ஏறும் கண்ணாடிக்கு மாத்திரை.

அந்த வருஷம் சாரல் பிடித்துக்கொண்டபோது அத்தை பக்கத்துக் கண்ணாடி முக்கி முனகி ஏற ஆரம்பித்தது. விருந்தாளிகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போன அன்று பாதியிலேயே நின்று மாமாவின் மானத்தை வாங்கிவிட்டது. தென்காசி மெக்கானிக் அதைத் தொடவே பயந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா தாமே திருப்புளியோடு உட்கார்ந்துவிட்டார்.

"சுவிட்ச அமுக்குட்டி."

அமுக்கினேன். அரையங்குலம் ஏறி நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வாரம் அத்தை மாத்திரை போடல மாமா. அதான்."

மாமா சிரித்தார். சிரித்தபடியே கதவின் உள்பலகையைக் கழற்றினார். அப்புறம் சிரிப்பைக் காணோம்.

கதவின் அடியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அது வடியவேண்டிய துவாரங்களை வெள்ளையாக மாவுபோல ஏதோ அடைத்திருந்தது. கரையாத மாத்திரைகள் நாலைந்து அதன்மேல் கிடந்தன. கண்ணாடியைத் தூக்கும் பல்சக்கரம் துருவேறியிருந்தது.

காப்பியோடு வந்த அத்தை அப்படியே நின்றாள். அடி விழப்போகிறது என்று தெரிந்தது. எனக்கா, அத்தைக்கா என்பதுதான் தெரியவில்லை.

"எத்தன நாளா?" என்றார் மாமா.

"மொதல்லருந்தே." அத்தையின் குரலில் பயமே இல்லை. "எங்கிட்ட கொறை ஒண்ணுமில்லங்கா டாக்டரம்மா. சும்மா சத்துக்குத் தாரா. ஒங்களையும்லா வரச் சொல்லுதா. நீங்க கார விட்டு எறங்க மாட்டேங்கிய. நான் மட்டும் எத்தன நாளைக்குத் திங்க?"

கோபமா என்று மாமாவின் முகத்தைப் பார்த்தேன். காது மடல்கள் சிவந்திருந்தன. பார்வை மட்டும் தரையில் இருந்தது. "மண்ணெண்ணெ கொண்டா" என்றார்.

குச்சியால் துவாரங்களைக் குத்தித் தண்ணீரை வடித்தார். துருவைத் துடைத்துக் கிரீஸ் தடவினார். அத்தை பக்கத்தில் குந்தித் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி சர்ரென்று ஏறியபோது கைதட்டியது நான் மட்டும்தான். இத்தனை நல்ல காரியம் நடந்திருக்க, இரண்டு பேரும் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறார்கள் என்று குழம்பிப்போனேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா வீட்டு வாசலில் மாமாவும் இறங்கினார். அதற்கடுத்த வாரமும் இறங்கினார். மூன்றாவது வாரம் அவர்கள் வெளியே வர நேரமாயிற்று. மாமா காரில் ஏறி உட்கார்ந்தார், கிளப்பவில்லை. அத்தை பொட்டலம் எதுவும் கொண்டுவரவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தும், அவர் முதுகில் கைவைத்து மெல்லத் தடவிக் கொடுத்தாள். வீட்டுக்குள்கூட அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டேன். "ஊசி போட்டுட்டாங்களா மாமா? வலிக்குதா?"

"ஆமாட்டி" என்றார். "ரொம்ப."

ஊசிக்கு அழுகிற பெரிய ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.