செவ்வாய்க்கிழமை இல்லாத அட்டவணை

அனுசுயாவுக்கு இருபத்தாறு வயது. சென்னீர்குப்பத்தில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பிரேக்குக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதிய ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட். பி.காம். படித்தவள். தன்னைவிடக் கணக்கு தெரியாத ஆட்கள் எம்.பி.ஏ. என்ற ஒரே தகுதியில் தன் தலைக்குமேல் வந்து உட்காருவதை நாலு வருஷம் பார்த்தாள். அந்த எம்.பி.ஏ.வைத் தானும் படித்துவிடுவது என்று முடிவெடுத்தாள், அதுவும் ஐ.ஐ.எம்.மில். சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். சொன்னாள். சிரித்தார்கள்.

வேலப்பன்சாவடியில் ஒரு கோச்சிங் சென்டரில், ஐ.ஐ.எம்.முக்கு நுழைவுத் தேர்வான ‘கேட்’ தேர்வுக்குச் சேர்ந்தாள். பாடமெல்லாம் வீடியோவில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் மாதிரித் தேர்வு. அங்கே படிப்புத் திட்டம் போட்டுக் கொடுப்பவன் அபிஷேக். அவளைவிட இரண்டு வயது சின்னவன், ஆனாலும் சார். அச்சடித்த அட்டவணை ஒன்றை நீட்டினான். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்திலிருந்து ஏழு கணக்கு, இரவு ஏழிலிருந்து பத்து ஆங்கிலம்.

அதை பீரோவில் ஒட்டி மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். காலை ஷிப்ட் வாரத்தில் ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் நின்றாள். மதிய ஷிப்டில் இரவு ஏழு மணிக்குக் கையில் அளவுகோல். நைட் ஷிப்டில் எது காலை எது இரவு என்றே பிடிபடவில்லை. மூன்று மாதிரித் தேர்விலும் இருபதைத் தாண்டவில்லை. கோளாறு தன் மண்டையில்தான் என்று நம்பினாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. ஷிப்ட் வேலைக்காரிக்கு ஏது செவ்வாய்க்கிழமை?

அபிஷேக் கூப்பிட்டுச் சொன்னான். “இன்னும் நாலு ஞாயிறு டைம் தர்றேன். நாலாவதுல நாற்பது மார்க் வரலைன்னா பேட்ச்ல வச்சுக்க மாட்டோம், அதான் ரூல். பேசாம வேலையை விட்டுட்டு அடுத்த வருஷம் வாங்களேன்.”

“முடியாது சார்,” என்றாள். வேலையை விட்டால் சோறு இவனா போடுவான்?

வீட்டுக்கு வந்ததும் பீரோவில் ஒட்டியிருந்ததைக் கிழித்தாள்.

“இன்னாத்துக்குடி கிழிக்கிறே?” என்றாள் அம்மா கன்னியம்மா.

“இது எனுக்குப் போட்டது இல்லம்மா. எந்திரிச்சா டீ கைக்கு வர்றவங்களுக்குப் போட்டது.”

மூன்று தாள் எடுத்தாள், ஷிப்டுக்கு ஒன்று. கிழமையே எழுதவில்லை. காலை ஷிப்ட் என்றால் சாயங்காலம் நாலிலிருந்து ஏழு கணக்கு. மதிய ஷிப்ட் என்றால் காலை எட்டிலிருந்து பதினொன்று. நைட் ஷிப்ட் என்றால் மதியம் வரை தூக்கம், மூன்று மணிக்குக் கணக்கு. பஸ்ஸில் போக வர ஆங்கிலம், சாப்பாட்டு நேரத்தில் ஒரு புதிர். மூன்றே ஞாயிறில் மார்க் முப்பத்தைந்தைத் தொட்டது.

நாலாவது ஞாயிறு வம்பாக வந்து சேர்ந்தது. முந்தின ராத்திரி நைட் ஷிப்ட், விடிந்து ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். தேர்வு எட்டரைக்கு.

“சார், அசல் தேர்வே காலை, மதியம், சாயங்காலம்னு மூணு வேளை நடக்குது. எனக்கு மட்டும் சாயங்காலம் வைங்களேன்.”

“எல்லாருக்கும் ஒரே டைம்தான்.”

யூனிஃபார்மோடு, கனத்த சேஃப்டி ஷூவோடு நேராகப் போனாள். கண் எரிய எரிய எழுதினாள். முடிந்ததும் திரையில் மார்க் வந்தது. முப்பத்தெட்டு.

அபிஷேக் உதட்டைப் பிதுக்கினான். “ரெண்டு மார்க் கம்மி. நான்தான் அன்னிக்கே சொன்னேனே.”

அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. எல்லோர் மார்க்கும் திரையில் இருந்தது. பாதிப் பேர் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

“இவங்க எட்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சு நாப்பத்தொண்ணு. நான் எட்டு மணி நேரம் நின்னுக்கினு வந்து முப்பத்தெட்டு. இப்ப சொல்லுங்க சார், யாரு பின்னாடி கீறாங்க?”

அபிஷேக் திரையைப் பார்த்தான். “ரூல்...” என்று ஆரம்பித்தான்.

“பேரை அடிச்சிக்கங்க. காலைல வச்சாலும் சரி, மதியானம் வச்சாலும் சரி, சாயங்காலம் வச்சாலும் சரி, மூணு வேளையும் மூளை முழிச்சிக்கினு கீற ஆளு இந்த ரூம்ல நான் ஒருத்திதான்.”

வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்தாள். மதியம் வரை தூங்கி எழுந்து, ஃபோனில் ‘கேட்’ தேர்வு விண்ணப்பத்தைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை தானே நிரப்பினாள். எந்தக் கோச்சிங் சென்டரின் அனுமதியும் அதில் கேட்கவில்லை.